தொடையில் ஒரு அரிசிமணி

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
இதற்கு முன் ஒரு நாளுக்கு மேல்
உணவில்லாமல் இருந்ததுண்டா?
இல்லை என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டேன்.
அவர்கள் கேட்டது விரதத்தை,
பட்டினியை அல்ல என்று
எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டு.

தொள்ளாயிரம் பிராங்க். மூன்று இரவு.
லோசானில் மேட்டு ஆஸ்பத்திரி, ஏழாம் மாடி.
றெஸ்ரோறன்ட்டில் லீவு சொல்லியாயிற்று.
அங்கே நான் கன்றிறைச்சி வெட்டுகிறவன்.
நாரோடு போனால் சப்ப முடியாது,
நாரைக் குறுக்கே அறுத்தால் வாயில் கரையும்.
பதினொரு வருசத்தில் தசையைப் பற்றி
நான் படித்தது அவ்வளவுதான்.

முதல் நாள் காலை
அலீன் என் தொடையை மரக்கவைத்து
ஊசியை இறக்கி
ஒரு அரிசிமணி அளவு எடுத்தாள்.
கண்ணாடித் தட்டில் அது
நான் நாளாந்தம் பலகையில் கழுவி விடுகிற
அதே நிறத்தில் கிடந்தது.
கிலோ என்ன விலை போகும் என்றேன்.
என் பிரெஞ்சு அவளுக்கு விளங்கவில்லை,
அல்லது விளங்கியது.

இடது கையில் குழாய்.
அதில் லூசின்,
கொஞ்சம் பாரம் கூடிய கரியணு வைத்துக் கட்டியது.
தேர்க் கூட்டத்தில் தலை எண்ணுவதற்கு
நூறு பேருக்குச் சிவப்புச் சட்டை போட்டு
உள்ளே விட்டதுபோல.
சிவப்பு எவ்வளவு ஐதாகிறதோ
அவ்வளவுக்குத் தசை கரைந்து
வீதிக்கு வந்திருக்கிறது.

பக்கத்துக் கட்டில் பஸ்தியன்
இரண்டாம் இரவு, சொக்கலேட்டோடு பிடிபட்டான்.
போகும்போது எல்லோருக்கும் கை தந்தான்.
விடியும்வரை என் கையைக் கழுவவில்லை.

ஈரலின் கையிருப்பு முதல் நாளே முடிந்துவிட்டது.
மூளைக்குச் சீனி வேண்டும்.
அது தவணை கேட்கிற சாதி இல்லை.
தொடை தன் முறுக்கை அவிழ்க்கிறது.
அலனின் இரத்தத்தில் ஏறி
ஈரலில் இறங்கி
சீனியாகித் தலைக்குப் போகிறது.
குளுட்டமின் சிறுநீரகத்துப் பக்கம் திரும்புகிறது.
நான் மல்லாந்து படுத்திருக்கிறேன்
எனக்கு என்னைச் சமைத்துப் போட்டுக்கொண்டு.

சிறுநீர் முழுவதும் கானில் சேர வேண்டும்,
ஒரு சொட்டும் சிந்தக் கூடாது.
ஏன் என்று கேட்டேன்.
தசை உடைந்து வருகிற அமினோ அமிலங்கள்
திரும்பவும் தசையாகலாம், என்றாள் அலீன்,
ஒன்றைத் தவிர.
மெதில்ஹிஸ்டிடின்.
ஒருதரம் கழன்றால் பிறகு கோக்க ஏலாது.
உடம்புக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது,
தண்ணீரோடு போகவிடும்.
இழந்ததற்கு அதுதான் சாட்சி.

அந்த வைகாசியில் பங்கருக்குள் பதினேழு பேர்.
உப்புக் கஞ்சி, பிறகு உப்பு.
யாரும் கானில் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் வாயில்
கனிந்து விழுந்த அப்பிள் மணம்.
கால் கனக்க, தலை மட்டும்
துடைத்த கண்ணாடிபோல் இருந்தது.
மூளை கொழுப்பின் விறகுக்குப் பழகிவிட்டதாம்,
இனித் தொடையை அவ்வளவு பிடுங்காதாம்.
இரக்கமா என்று கேட்டேன்.
சிக்கனம், என்றாள்.

இரவு ஜன்னலில் ஏரி.
அக்கரையில் எவியோன் வெளிச்சங்கள்,
தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிற ஊர்.
கணக்குப் பார்த்தேன்:
இவர்களுக்கு நான் புதுத் தசை.
ஒருதரம் இப்படிக் கரைந்து
பிறகு இறைச்சி வெட்டி, இறைச்சி தின்று
மீளக் கட்டிய தொடை இது
என்று எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை.
அரிசிமணி சொல்லிவிடுமோ?

நாலாம் நாள் காலை
மற்றத் தொடையில் இன்னொரு மணி.
காசு உறையில். ஒப்பம் இரண்டு இடத்தில்.
அலீன், அந்த ஒன்பதாம் கேள்வி,
அதைத் திருத்தலாமா
என்று வாயெடுத்தேன்.
அவள் சூப்பை நீட்டினாள்.

வாய் வேறு வேலைக்குப் போய்விட்டது.